முதிர்வயதிலும் துளிர்க்குமா மூளை?

(எங்கள் மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிருஷ்ணகிரியிலிருந்தும், சூளகிரி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களிலிருந்தும், எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். உங்கள் ஜெபத்திற்கும் காணிக்கைக்கும் நன்றி. வருடாந்தர வரவு செலவு அறிக்கை அச்சிட்டு உங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது. ஆகவே அதைத் திரும்ப வாசிக்காமல், இன்று வேறொரு காரியத்தைக் குறித்துப் பேச விரும்புகிறோம்.

அது மூளையைப் பற்றியது. வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்து வந்தவருக்கு மூளை ஆராய்ச்சியில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வார்டில் படுக்கையருகே உட்காரும்போது நாங்கள் கேட்கிற சில பேச்சுகள்தான் எங்களை இந்தப் பக்கம் இழுத்தன.

இன்சுலின் ஊசியை நீங்களே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொன்னால், "அறுபது வயசாச்சு, இனிமே இந்த மண்டையில என்னம்மா ஏறும்?" என்கிறார் சர்க்கரை நோயாளி. குடியை விடுவதற்காகச் சேர்க்கப்பட்டவரின் மனைவி, "குடிச்சுக் குடிச்சு மூளையே கெட்டுப்போச்சு ஐயா, இனி எங்க தேறப் போறாரு" என்று கண்ணைத் துடைக்கிறார். ஞாபகம் குறைந்துவரும் தாயை அழைத்துவரும் மகன், "அவங்ககிட்ட பேசி என்ன பிரயோஜனம், ஒரு ஓரமா இருக்கட்டும்" என்கிறார். இவை மூன்றும் கைவிட்டவர்களின் பேச்சு. நாலாவதாக இன்னொன்றும் உண்டு. "எங்கேயோ ஊசி போட்டா மூளையில புது செல் முளைக்குதாமே, நிலத்தை வித்தாவது போட்டுடலாமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இது ஏமாறப்போகிறவர்களின் பேச்சு.

இந்த நான்கு பேருக்கும் உண்மையான பதில் என்ன? எங்கள் டாக்டர்களிடம் கேட்டும், வெளிவந்த ஆராய்ச்சிகளைப் படித்தும் அறிந்துகொண்டதை எளிய தமிழில் உங்கள் முன் வைக்கிறோம்.

பழைய தீர்ப்பு

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக 2009ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கு சொல்லுகிறது. இவற்றையே நியூரான் என்கிறோம். நம் தோலும் இரத்தமும் ஆயுள் முழுவதும் புதிய செல்களால் புதுப்பிக்கப்படுகின்றன. வெட்டுக்காயம் ஆறுவது அதனால்தான். மூளைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது என்றே விஞ்ஞானிகள் வெகுகாலம் நம்பினார்கள். 1906இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால், வளர்ந்த மூளையில் நரம்பணுக்கள் சாகலாமேயொழியப் புதிதாகப் பிறப்பதில்லை என்று எழுதினார். நுண்நோக்கியில் பார்த்து அவர் வரைந்த நரம்பணுப் படங்கள் இன்றும் மாணவருக்குப் பாடமாக இருக்கின்றன. அப்படிப்பட்டவர் சொன்னதால் அது தீர்ப்பாகவே நின்றுவிட்டது.

1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். புதிதாகப் பிறக்கும் செல்லுக்குள் மட்டும் போய்த் தங்கக்கூடிய ஒரு கதிரியக்கக் குறியை எலிகளுக்குச் செலுத்தினார். 1965இல் அவரும், நம் நாட்டுப் பெயர் கொண்ட கோபால் தாஸ் என்பவரும் சேர்ந்து தங்கள் முடிவை வெளியிட்டார்கள். எலி பிறந்த பிறகும் அதன் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்றார்கள். பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனாலும் அந்த வேலை வீணாகவில்லை. 2011இல் ஸ்பெயின் நாட்டின் ஆஸ்துரியாஸ் இளவரசர் விருது ஆல்ட்மனுக்குக் கிடைத்தது.

அந்தக் குறிப்பிட்ட இடத்தின் பெயர் ஹிப்போகாம்பஸ். கடற்குதிரையைப்போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். காதுக்கு உள்வாட்டமாக, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இருக்கிறது. அது எதற்கு என்பதை உலகம் ஒரு மனிதர் மூலமாக அறிந்துகொண்டது. 1953இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை செய்தபோது, இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். பழைய நினைவுகளில் அநேகம் அவருக்கு இருந்தன. ஆனால் அதற்குப் பின் 2008இல் மரிக்கும்வரை, சற்றுமுன் சந்தித்த மனிதரைக்கூட அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஹிப்போகாம்பஸ் புதிய நினைவுகள் உள்ளே நுழைகிற வாசல். புது நரம்பணுக்கள் அந்த வாசலிலேயே பிறக்கின்றன என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் முக்கியத்துவம்.

எலிக்கு உண்டு, மனிதனுக்கு உண்டா? 1998ஆம் ஆண்டு பீட்டர் எரிக்சன், ஃபிரெட் கேஜ் ஆகியோரின் குழு இதற்கு முதல் விடையைக் கொடுத்தது. ஸ்வீடன் நாட்டில் நாக்கின் அடி, குரல்வளை, தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்த ஐந்து நோயாளிகள். வயது 57 முதல் 72 வரை. கட்டியின் வளர்ச்சியை அறிவதற்காக, புதிய செல்லில் தங்கும் ஒரு குறிப்பொருள் அவர்களுக்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தது. அவர்கள் மரித்தபின் ஹிப்போகாம்பஸை ஆராய்ந்தபோது, அந்தக் குறியைத் தாங்கிய நரம்பணுக்கள் காணப்பட்டன. முதிர்ந்த வயதில், கடும் வியாதியின் நடுவில் பிறந்த செல்கள் அவை! அந்த ஐந்து பேரின் பெயர் நமக்குத் தெரியாது. தாங்கள் பிழைக்க முடியாத ஒரு வியாதியின் நடுவில் உலகத்துக்கு ஓர் அறிவைக் கொடுத்துப்போனார்கள்.

ஓசூர் சாலையில் நடந்த ஆராய்ச்சி

ஸ்வீடனும் அமெரிக்காவும் நமக்குத் தூரம். இனி சொல்லப்போவது பக்கத்தில் நடந்தது. பெங்களூரில் நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. நம்மில் பலர் வீட்டு நோயாளியை அங்கே அழைத்துப் போயிருப்போம். அதே வளாகத்தில் டாக்டர் சங்கரநாராயண ராவ், டாக்டர் ராஜு ஆகியோரின் குழுவினர் செய்த ஓர் ஆராய்ச்சி 2009இல் வெளிவந்தது.

அவர்கள் வளர்ந்த எலிகளை நாளொன்றுக்கு 6 மணி நேரம், 21 நாட்கள் அசைய முடியாமல் அடைத்து வைத்தார்கள். நெருக்கடி மூளையை என்ன செய்கிறது என்று அறிவதற்காக. அந்த எலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிய செல்கள் பிறப்பது 70 சதவீதம் குறைந்துபோயிற்று. பல கிளைவழிகள் உள்ள ஒரு அமைப்பில் எந்தக் கிளைகளில் தீனி வைத்திருக்கிறது என்று கற்றுக்கொள்வதிலும் அவை தடுமாறின.

பிறகு அதே அளவு நெருக்கடியைக் கண்ட எலிகளில் ஒரு பிரிவை, நாளுக்கு 6 மணி நேரம், வெறும் 10 நாட்கள், செழுமையான சூழலில் விட்டார்கள். விசாலமான கூடு, விளையாடுவதற்குப் பொருள்கள், கூடவே பழகுவதற்கு மற்ற எலிகள் என்பதே அப்படிப்பட்ட சூழல். மருந்து எதுவும் இல்லை. புதிய செல்கள் பிறப்பது முழுவதுமாகத் திரும்பியது. கற்கும் திறனும் சீரடைந்தது. சுருங்கியிருந்த ஹிப்போகாம்பஸின் அளவும் மீண்டது.

இதற்கு முன்பே, 2002இல், பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திரா சட்டர்ஜியின் குழு இன்னொன்றைக் காட்டியது. நீடித்த நெருக்கடியில் ஹிப்போகாம்பஸின் நரம்பணுக் கிளைகள் குறுகுகின்றன. அதே சமயம், பயத்தோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற பகுதியில் கிளைகள் பெருகுகின்றன. கற்கிற இடம் சுருங்கி, பயப்படுகிற இடம் பெருகுகிறது.

பிரியமானவர்களே, எலியை மனிதனாக எண்ணிவிடக் கூடாது. ஆனாலும் நம் பகுதியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1970களில் சிப்காட் வந்தபின் ஓசூர் எப்படி மாறியது என்பதை மூத்தவர்கள் அறிவீர்கள். லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், இப்போது செல்போன் பாகங்கள் என்று தொழில்கள் பெருகியிருக்கின்றன. நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தகரக் கூரையின்கீழ் தூங்க முயலும் வாலிபர், மொழி தெரியாத ஊரில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள், வேலை போன தகப்பன், கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும் வீட்டின் தாய், இவர்கள் எல்லாரும் எங்கள் வெளிநோயாளர் வரிசையில் வருகிறார்கள். "எதுவும் மனசுல நிக்கல ஐயா" என்று இவர்கள் சொல்வதைச் சோம்பல் என்றோ, அறிவுக்குறைவு என்றோ நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

புதுச் செல்லின் வேலை

பிறக்கும் புதிய செல்கள் என்ன செய்கின்றன? மூளையில் இருக்கும் பழைய செல்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இவை மிகச் சொற்பம். கற்பது என்பது பெரும்பாலும் பழைய செல்களுக்கிடையே உள்ள இணைப்புகள் பலப்படுவதால்தான் நடக்கிறது. அப்படியானால் இந்தச் சிறு கூட்டம் எதற்கு?

ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்தறிவதற்கு என்று தெரிகிறது. 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், புதிய செல்கள் பிறக்காதபடி செய்யப்பட்ட சுண்டெலிகள், தூரமாக உள்ள இரண்டு இடங்களை எளிதில் வேறுபடுத்தின. இடங்கள் நெருங்கி இருந்தபோதோ குழம்பின. நமக்கு இதில் அனுபவம் உண்டு. இரத்த அழுத்த மாத்திரையை இன்று காலையில் போட்டோமா, அல்லது போட்டதாக நினைப்பது நேற்றைய நினைவா? சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை இன்று எந்த வரிசையில் விட்டோம்? நேற்றையும் இன்றையும் தனித்தனி ஏடாக எழுதிவைக்கும் வேலையில் புதுச் செல்களுக்குப் பங்கு இருப்பதாக இந்தச் சோதனைகள் காட்டுகின்றன.

மறப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. 2014இல் கனடாவில் பால் ஃபிராங்க்லேண்ட் குழுவினர், புதுச் செல்கள் மிகுதியாகச் சேரும்போது சுண்டெலிகளின் பழைய நினைவுகள் சில அழிவதைக் கண்டார்கள். நம் குழந்தைப் பருவத்து முதல் இரண்டு மூன்று வருடங்கள் நமக்கு ஞாபகம் இல்லாததற்கு இது ஒரு காரணமாயிருக்கலாம் என்கிறார்கள்.

இன்னொரு முக்கியமான காரியம். பிறக்கும் செல்கள் எல்லாம் பிழைப்பதில்லை. முதல் சில வாரங்களிலேயே அநேகம் மடிந்துபோகின்றன. 1999இல் வந்த ஆராய்ச்சிகளின்படி, சக்கரத்தில் ஓடின சுண்டெலிகளுக்கு அதிகமான செல்கள் பிறந்தன. கடினமான பாடத்தைக் கற்ற எலிகளில் அதிகமானவை பிழைத்தன. நாற்று விட்டால் போதாது, நட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று நம் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனிதரைக் குறித்த விவாதம்

1998க்குப் பிறகு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. உங்களிடம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது சரியல்ல.

2013இல் ஸ்டாக்ஹோமில் ஜோனாஸ் ஃபிரைசன் குழுவினர் வினோதமான ஒரு வழியைக் கையாண்டார்கள். 1963 ஒப்பந்தத்துக்கு முன் வானவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன் 14, அந்தக் காலத்தில் பிறந்த செல்களிலும் பதிந்திருக்கிறது. அதை அளந்து, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்பணுக்கள் சேருகின்றன என்று கணக்கிட்டார்கள். ஆனால் 2018இல் கலிபோர்னியாவின் ஒரு குழு, பிள்ளைப் பருவத்தோடு இது ஏறக்குறைய நின்றுவிடுகிறது, பெரியவர்களிடம் காணவில்லை என்றது. அடுத்த மாதமே நியூயார்க்கில் மௌரா போல்டிரினி குழுவினர், 79 வயதுவரை உண்டு என்றார்கள். 2019இல் மாட்ரிடில் மரியா யோரென்ஸ் மார்ட்டின் குழு, எண்பது வயதைக் கடந்தவர்களிடமும் இளம் நரம்பணுக்களைக் கண்டது. அல்சைமர் நோய் முற்ற முற்ற அவை குறைவதையும் கண்டது. 2025 ஜூலையில் ஃபிரைசன் குழுவினர், இப்படிப்பட்ட செல்களைப் பிறப்பிக்கும் தாய்ச்செல்களையே பெரியவர்களின் மூளையில் அடையாளம் கண்டதாக வெளியிட்டார்கள். எல்லாரிடமும் ஒரே அளவில் அல்ல, ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது.

ஏன் இத்தனை முரண்பாடு? மரித்தபின் எத்தனை மணி நேரத்தில் மூளை எடுக்கப்பட்டது, எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதைப் பொறுத்து அந்த மென்மையான இளம் செல்களின் அடையாளம் மறைந்துபோகக்கூடும் என்பது ஒரு முக்கிய காரணம். ஆகவே விடை, தானமாக வரும் மூளைகளையே சார்ந்திருக்கிறது.

அந்த நால்வருக்குப் பதில்

இனி வார்டுக்குத் திரும்புவோம்.

அறுபது வயதில் மண்டையில் ஏறாது என்பவருக்கு: ஏறும். புதுச் செல் விவாதம் எப்படி முடிந்தாலும், பழைய செல்களின் இணைப்புகள் முதுமையிலும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஊசி போடப் பழக ஒரு நாளுக்குப் பதில் ஐந்து நாள் ஆகலாம், அவ்வளவுதான். 2011இல் அமெரிக்காவில் 120 முதியவரை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், ஒரு வருடம் வேகமாக நடந்துவந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்தது. நடக்காமல் கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. பெருத்தது புதுச் செல்களாலா என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் நடப்பதற்குச் செலவு ஒன்றுமில்லையே!

நம் எல்லைப் பகுதிக்கு ஏற்ற இன்னொரு செய்தியும் உண்டு. டாக்டர் சுவர்ணா அல்லாடியும் உடன் உழைத்தவர்களும் ஐதராபாத்தில் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு அந்த நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது என்று வாழ்கிற நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

குடியிலிருந்து மீள வந்தவரின் மனைவிக்கு: மது எலிகளில் புதுச் செல் பிறப்பதைக் குறைக்கிறது. ஆனால் 2004இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மது நிறுத்தப்பட்ட சில நாட்களிலேயே புதிய செல்கள் பிறப்பது பெருகியதாகக் கண்டார்கள். உங்கள் கணவரின் மூளையில் இதேதான் நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். கெட்டது எல்லாமே கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், முதல் சில மாதங்கள் அவரைத் தனியே விடவேண்டாம் என்று மட்டும் சொல்லுவோம்.

தாயை ஓரமாக வைக்க நினைக்கும் மகனுக்கு: முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் ஞாபகம் குறையும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்சைமராகவே இருந்தால், பேச்சும் துணையும் அதைக் குணமாக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஓரத்தில் தனியே உட்கார்ந்திருப்பது எந்த மூளைக்கும் நன்மையல்ல.

நிலத்தை விற்க நினைப்பவருக்கு: தயவுசெய்து விற்காதீர்கள். மூளையில் தானாகச் சில செல்கள் பிறப்பது வேறு. வெளியிலிருந்து செல்லை ஊசியாகப் போட்டுப் பக்கவாதத்தையும் மறதியையும் தீர்ப்பதாகச் சொல்வது வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான மாற்றுச் சிகிச்சையைத் தவிர, அங்கீகாரம் பெற்ற சோதனைக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை செய்வது முறையல்ல. அங்கீகாரம் பெற்ற சோதனையில் நோயாளியிடம் அதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எங்களிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்களிடம் கேட்பது

காணிக்கையைக் குறித்து இன்று கேட்கப்போவதில்லை. மூன்று காரியங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, மாதத்தில் இரண்டு மாலை வேளைகளை எங்களுக்குத் தாருங்கள். நீண்ட நாள் படுத்திருக்கும் நோயாளியோடு வராந்தாவில் நடக்கவும், தாயக்கட்டை ஆடவும், கன்னடமோ இந்தியோ தெரிந்தவர்கள் அந்த மொழிக்காரரோடு பேசவும் ஆட்கள் தேவை. நிம்ஹான்ஸ் எலிகளுக்கு மருந்தின்றித் திரும்பக் கிடைத்தது இடமும், வேலையும், துணையும்தானே. மனிதருக்கு அவற்றைக் கொடுக்க நிரூபணம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு, உங்கள் சபைகளில் முதியோருக்குக் கற்பிக்கும் வகுப்பு ஏதாவது ஒன்றைத் தொடங்குங்கள். பாட்டோ, தையலோ, செல்போனில் எழுதுவதோ எதுவானாலும் சரி. கொஞ்சம் கடினமானதாக இருக்கட்டும்.

மூன்று, நிம்ஹான்ஸில் டாக்டர் எஸ்.கே.சங்கரின் முயற்சியால் 1995 முதல் ஒரு மூளை வங்கி இயங்கிவருகிறது. குடும்பத்தாரின் சம்மதத்துடன் தரப்படும் மூளைகள் அங்கே ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. கண் தானத்தைப் பற்றி நம் சபைகள் பேசுவதுபோல, இதையும் பேசலாம். இது கட்டாயமல்ல. மரணத்தின் நாளில் அவசரமாக எடுக்கக்கூடிய முடிவும் அல்ல. ஆகவேதான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போது வீட்டில் பேசிவையுங்கள் என்கிறோம். ஸ்வீடனின் அந்த ஐந்து பேர் தந்ததால் உலகம் ஒன்றைக் கற்றுக்கொண்டது. ஓசூர் சாலையில் உள்ள அந்த வங்கிக்கும் அப்படித் தருகிறவர்கள் வேண்டும்.

இன்சுலின் வகுப்பு எங்கள் மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நடக்கிறது. "இனிமே ஏறாது" என்கிறவர் உங்கள் தெருவில் இருந்தால் கையோடு அழைத்து வாருங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.